சிப்பிக்காரத் தெருவை இழுத்த பிக்கப்

மெட்டில்டா மச்சாடோவின் எலக்ட்ரிக் கிட்டாரில் பிக்கப் செத்துப்போன வருடத்தில்தான் தூத்துக்குடி சிப்பிக்காரத் தெருவின் வீடுகள் ஒன்றையொன்று நோக்கி நகரத் தொடங்கின. முதலில் பிக்கப் செத்தது, பிறகு அவள் புதுசு போட்டாள், பிறகு வீடுகள் நகர்ந்தன. இந்த வரிசையில் தெருவில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

மெட்டில்டாவுக்கு அப்போது ஐம்பத்தோரு வயது. பகலில் மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் சூப்பர்வைசர். சாயங்காலங்களில், கல்யாண வரவேற்பானாலும் கோயில் கொடியேற்றமானாலும், நீலத்திரை மெல்லிசைக் குழுவின் லீட் கிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டு வந்தவர்களில் மூன்று பேர் கிட்டாரை விட்டுவிடச் சொன்னார்கள். நாலாவது ஆள் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் அவர் எந்நேரமும் விசிலடித்துக்கொண்டிருந்தார், அந்த விசில் ஒருநாளும் சுருதியில் நிற்கவில்லை.

பிக்கப் என்பது தந்திகளுக்குக் கீழே, மரத்தில் வெட்டிய குழிக்குள், ஆறு இரும்புப் பொட்டுகளைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னப் பெட்டி. உள்ளே காந்தமும், அதைச் சுற்றி தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியும் இருக்கும். தந்தியின் அதிர்வைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்புவது அதுதான். அது போனால் கிட்டார் வெறும் பலகை. மெட்டில்டாவின் கிட்டாரில் அப்படி இரண்டு குழிகள், இரண்டு பிக்கப்புகள், இரண்டில் எது பாட வேண்டும் என்று சொல்ல ஒரு சுவிட்சு. இருபத்தாறு வருடம் கடற்காற்றைக் குடித்த செம்புக் கம்பிகள் ஒரு ஞானஸ்நான வீட்டில், இரண்டாம் பாட்டின் நடுவில், ஒன்றாகவே அறுந்துபோயின.

அவள் மாற்று தேடிய கதையை டிரம்ஸ் வாசிக்கிற ரூபர்ட் பிற்பாடு பல பேரிடம் சொன்னான். சென்னையிலிருந்து பார்சலில் ஒன்று வரவழைத்தாள். பலத்த காந்தம், சத்தம் பளீரென்று வந்தது, ஆனால் தகர டப்பாவில் கூழாங்கல் போட்டு ஆட்டுகிற சத்தம். "காந்தம் ரொம்பப் பலம். தந்தியை ஆட விடாமப் பிடிச்சு வச்சிக்கிடுது" என்று கழற்றி வைத்தாள். ரூபர்ட் தன் சிநேகிதனிடமிருந்து கம்பிச் சுருள் இரண்டு வைத்த இரட்டைக் காயில் பிக்கப் ஒன்றை வாங்கி வந்தான். அதில் கரண்டு இரைச்சல் துளியும் இல்லை, நாதம் கனமாக இருந்தது, ஆனால் ஒருத்தர் வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. அதையும் கழற்றினாள். கடைசியில், பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற ஜெபநேசனிடம் போனாள்.

ஜெபநேசன் கிட்டாரைத் தொட்டதில்லை. செத்த பிக்கப்பைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "மோட்டார்தான் அக்கா இது. சுத்தாத மோட்டார்" என்றான். கப்பல் உடைக்கிற இடத்திலிருந்து எப்போதோ வாங்கிப் போட்டிருந்த ஒரு ஜோடி காந்தப் பட்டைகளில் ஒன்றை எடுத்தான். தையல் மெஷின் மோட்டாரில் அச்சை மாட்டி, கம்பியை விரல் நுனியில் பிடித்து, ஏழாயிரத்து எண்ணூறு சுற்று சுற்றினான். கழுத்துப் பக்கத்துக் குழியில் அதைப் பொருத்தி, மெட்டில்டா தன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து ஒரு தந்தியை மட்டும் மீட்டினாள். மீட்டிவிட்டு வெகுநேரம் அடுத்த தந்திக்குப் போகவில்லை. பதநீரில் வெயில் படுகிற நிறம் அந்த நாதத்துக்கு இருந்தது என்று அவள் சொன்னாள். ஜெபநேசனுக்கு அது புரியவில்லை, ஆனாலும் தலையாட்டினான்.

அன்றைக்கு அவள் ஏழு பாட்டு வாசித்தாள். மறுநாள் காலை கோலம் போட வந்த பெண்கள், எதிர் வீட்டுக் கோலம் கிட்டத்தில் தெரிவதைப் பார்த்தார்கள். ஒரு வாரம் கழித்து, தண்ணீர் லாரி வழக்கமாக நிற்கிற இடத்தில் நிற்க முடியாமல் தெருமுனையில் நின்றது. யாரோ டேப்பு கொண்டுவந்து அளந்தார்கள். இருபத்திரண்டு அடித் தெரு, மெட்டில்டாவின் வீட்டுக்கு முன்னால் பதினாறு அடியாக இருந்தது. பாட்டுக்கு இரண்டு விரல்கடை வீதம் வீடுகள் கிட்டாரை நோக்கி வந்துகொண்டிருந்தன. இரண்டு முனைகளிலும் தெரு பழைய அகலத்திலேயே இருக்க, நடுவில் உடுக்கையின் இடுப்பு மாதிரி ஒடுங்கியது.

வீடுகள் விரிசல் விடாமல், ஓடு சரியாமல், அடுப்பில் இருக்கிற குழம்பு தளும்பாமல் வந்தன. வாய்க்காலும் கூடவே வந்தது, முருங்கை மரமும் வேரோடு கூடவே வந்தது, கொடியில் காய்ந்த துணியும் கூடுகட்டிய குருவியும் ஒன்றும் தெரியாத மாதிரி கூடவே வந்தன. தொய்ந்துபோன கரண்டு கம்பியை லைன்மேன் வந்து சுருட்டிக் கட்டிவிட்டு, இனிமேல் வாசிப்பதாக இருந்தால் முன்கூட்டிச் சொல்லி அனுப்பச் சொன்னார். தபால்காரர் தெரு நடுவில் சைக்கிளை விட்டு இறங்காமலே இரண்டு பக்கத்துக் கடிதங்களையும் கொடுத்துவிட்டுப் போனார், இருபது வருட வேலையில் இப்படி ஒரு சுகம் கண்டதில்லை என்றார். மாநகராட்சியிலிருந்து ஒருவர் வந்து அளந்து, இது ஆக்கிரமிப்பு ஆகாது, யாரும் எதையும் கட்டவில்லை என்று எழுதிக்கொண்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார். வீடுகள் முன்னால் நகர்ந்ததில் பின்னால் இடம் விழுந்தது. அந்த ஐந்தடி, ஏழடியில் பெண்கள் கத்தரியும் கீரையும் போட்டார்கள், ஒரு வீட்டில் கோழிக்கூடு வைத்தார்கள். கிட்டத்தில் வந்த பிறகு சண்டைகள் குறைந்தன. சண்டைக்குக் கொஞ்சம் தூரம் வேண்டும், கையை வீசிப் பேச இடம் வேண்டும், அந்த இடம் இப்போது இல்லை. புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி மட்டும் ஜன்னலுக்குக் கெட்டியான திரை வாங்கிப் போட்டது, யாரும் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

எல்லாவற்றிலும் கிட்டத்தில் வந்தது மெட்டில்டாவின் நேர் எதிர் வீடு. அது தண்டல் கஸ்பாரின் வீடு. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தோணி ஓட்டிய தண்டல் அவர். நாலு வருடத்துக்கு முன்னால் பாய்மரத்திலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே எழும்ப முடியாமல் போனது. மனைவி அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள், மகன் கப்பலில். தங்கச்சி மகள் வந்து சோறு வைத்துவிட்டுப் போவாள். ஜன்னலோரக் கட்டிலில் படுத்து அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நாலு வருடத்தில் மெட்டில்டா அவரிடம் பேசியதை எண்ணிவிடலாம். இருபத்திரண்டு அடியைத் தாண்டிக் குரலெடுத்து நலம் கேட்பது அவளுக்கு வரவில்லை. வாசலேறிப் போய்க் கேட்கவோ தோதான ஒரு காரணம் இல்லை.

வீடுகள் ஒன்பதடியில் நின்றபோது அவர் முதலில் பேசினார்.

"மூணாவது பாட்டுல ஒரு இடத்துல தயங்குதியே, அது வேணும்னே செய்யுததா?"

"இல்ல தண்டல். விரல் எட்ட மாட்டேங்கு."

"நல்லாத்தான் இருக்கு. அப்படியே வச்சிக்கோ."

ஐந்தடியில் அவள் ஐஸ் கம்பெனியின் சங்கதிகளைச் சொன்னாள். அவர் மினிக்காய்த் தீவில் பத்து நாள் காற்றில்லாமல் கிடந்ததைச் சொன்னார். மூன்றடியில் இரண்டு ஜன்னல்களுக்கும் குறுக்கே ஒரு பலகையைப் போட்டார்கள். பலகையில் சீட்டுக்கட்டு வந்தது, பிறகு ஒரு தட்டில் வறுத்த நெத்திலி வந்தது, பிறகு சாயங்காலக் காப்பி இரண்டு டம்ளராக வந்தது. அவர் ரம்மியில் ஏமாற்றுவார். அவள் கண்டுபிடித்துவிட்டுச் சொல்லாமல் இருப்பாள். சொல்லாமல் இருப்பது அவருக்கும் தெரியும். பலகையில் ஆள் கூடியது. கீரை பறித்தவர்கள் அங்கே வந்து கிள்ளினார்கள், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் தண்டலிடம் கடல் வழிகளைக் கேட்டுப் படம் வரைந்தார்கள், முகம் மழிக்கிற அருளப்பன் வாரம் ஒருமுறை ஜன்னல் வழியாகவே அவருக்குச் சவரம் செய்துவிட்டான். அவர் எந்தத் தைலத்துக்குத் தும்முவார், எந்தப் பக்கம் படுத்தால் வலிக்கும் என்பதெல்லாம் தெருவுக்குத் தெரிந்துபோயிற்று.

ஆனி மாதம் முடியப்போகிற சமயத்தில் சந்தன மாதா குகைக் கோயிலான கெபியின் திருவிழாக் கமிட்டி கூடியது. கமிட்டித் தலைவர் ரத்தினசாமி பர்னாந்து, நிதானமான ஆள், மெட்டில்டாவின் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

"மெட்டில்டா, சப்பரம் ஒம்பது அடி. ரெண்டு பக்கமும் தூக்குதவங்க நிக்கணும். உன் வாசலுக்கு முன்னால மூணு அடிதான் இருக்கு."

"தெரியுதுண்ணே."

"மாதா இந்தத் தெருவுக்குள்ள வராத வருசம் கிடையாது. ஆம்புலன்ஸ் விசயமும் இருக்கு. போன வாரம் விக்டோரியாவைப் பிரசவத்துக்கு நாற்காலியில வச்சுத்தான் முனைக்குத் தூக்கிட்டுப் போனோம். நல்லபடியா முடிஞ்சிது. எப்பவும் அப்படி முடியும்னு சொல்ல முடியாதுல்லா."

மெட்டில்டா வாசிப்பதை நிறுத்திப் பார்த்தாள். வீடுகள் நின்ற இடத்திலேயே நின்றன, பின்னால் போகவில்லை. பார்சலில் வந்த பிக்கப்பை மாட்டி வாசித்துப் பார்த்தாள், ரூபர்ட் கொடுத்ததையும் மாட்டிப் பார்த்தாள். ஒரு செங்கல்கூட அசையவில்லை. அப்போது ஜெபநேசன்தான் சொன்னான், மோட்டார் எதிர்த்திசையில் சுற்ற வேண்டுமானால் கம்பியை மாற்றிக் கொடுப்பதில்லையா, அந்த ஜோடியில் மிச்சமிருக்கிற காந்தத்தைத் தலைகீழாக வைத்து இன்னொரு பிக்கப் கட்டிப் பார்க்கலாம் என்று. இரண்டாவது குழி, தந்திகள் முடிகிற பிரிட்ஜுப் பக்கத்துக் குழி, சும்மாதான் கிடந்தது. ஒன்று இழுக்கட்டும், ஒன்று தள்ளட்டும், சுவிட்சு நடுவில் இருக்கட்டும்.

அப்படித்தான் பிக்கப் தேர்ந்தெடுக்கிற ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. பூசை முடிந்து ஆட்கள் வந்ததும், ஜெபநேசன் அந்த வாரம் கட்டியதை மாட்டுவான், மெட்டில்டா வாசிப்பாள், அருளப்பன் டேப்பைப் பிடிப்பான். முதல் பிக்கப் ஆறாயிரம் சுற்று. வீடுகள் ஒரே பாட்டில் அரையடி பின்னால் போயின, ஜனங்கள் திருப்தியாகத் தலையாட்டினார்கள். மெட்டில்டா கிட்டாரை மடியில் சாய்த்தாள்.

"கீச்சுனு இருக்கு. வேண்டாம்."

இரண்டாவது ஒன்பதாயிரம் சுற்று. வீடுகள் சீராக, அலை திரும்புகிற மாதிரி, ஓரடி விலகின.

"மங்கலா இருக்கு. வேண்டாம்."

அவள் வேண்டாம் என்று சொன்ன பிறகு மறுபடி கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பில் ஏழெட்டுப் பாட்டு வாசிப்பாள், "காதைக் கழுவிக்கிடணும்" என்பாள். விலகிய வீடுகள் திரும்ப வந்துவிடும். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ஜெபநேசன் ஏழாயிரத்து இருநூறு சுற்றுச் சுற்றி, பிக்கப்பைத் தந்திக்கு எவ்வளவு கிட்டத்தில் வைப்பது என்று இரண்டு பக்கத்துத் திருகாணிகளையும் கால் திருகு, அரைத் திருகு என்று பார்த்துப் பார்த்து வைத்தான். நாதம் வந்தது. கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பின் நாதம் பதநீர் என்றால் இது அதே பனையின் நுங்கு. குளிர்ச்சியாக, தெளிவாக, விளிம்பு வழுக்கிக்கொண்டு வந்தது. ரூபர்ட் குச்சியைக் கீழே வைத்துவிட்டான். தெருவில் நின்ற எல்லாருக்கும் இதுதான் என்று தெரிந்தது.

"இதுவும் சரியில்ல" என்றாள் மெட்டில்டா.

பின்னால் கத்தரி போட்டிருந்தவர்களுக்கு அதில் வருத்தமில்லை. மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெபநேசன் தன் விரல் நுனியில் கம்பி அறுத்த கோடுகளைப் பார்த்தான். திருவிழாவுக்கு ஒன்பது நாள் இருந்தது. கொடி ஏறிவிட்டது. ரத்தினசாமி, சப்பரத்தை இந்த வருடம் மேலத் தெரு வழியாகவே கொண்டுபோய்விடலாம், அவளைக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று கமிட்டியிடம் சொன்னார். சொல்லிவிட்டு டேப்பை வாங்கித் தெருவை மறுபடி ஒருமுறை அளந்தார்.

அன்று பிற்பகலில் மெட்டில்டா சீட்டுக்கட்டைப் பலகையில் வைத்தாள். தண்டல் அதைத் தொடவில்லை.

"பிக்கப்புல குறை ஒண்ணும் இல்ல, மெட்டில்டா" என்றார்.

அவள் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் நாலு வருசமா உன் கிட்டாரைக் கேக்குதேன். அதுக்கு முந்தியும் கரையில இருந்தா கேட்டிருக்கேன். இன்னைக்கு வந்தது மாதிரி ஒரு நாதம் உன் கையில வந்ததில்ல. வந்ததும் உன் முகம் மலர்ந்திச்சு. பெறகுதான் வேண்டாம்னு சொன்ன."

"வீடு இருபத்திரண்டு அடிக்குப் போயிரும் தண்டல்."

"போகட்டும்."

"பலகை எட்டாது."

"எட்டாது."

"உங்களுக்கு அது பரவாயில்லையா?"

தண்டல் சீட்டுக்கட்டைத் தள்ளி வைத்தார். "பரவாயில்லன்னு சொன்னா பொய்யி. ரம்மியில மட்டுந்தான் பொய் சொல்லணும்னு வச்சிருக்கேன்" என்றார். பிறகு, "ஆனா அந்த ஜெபநேசன் கையப் பாத்தியா? ரத்தினசாமி முகத்தப் பாத்தியா? எனக்காக நீ நல்ல நாதத்த மோசம்னு சொல்லிட்டு உக்காந்திருந்தா, நாம ரெண்டு பேரும் காப்பி குடிக்கது எப்படி இறங்கும்" என்றார்.

அவள் எழுந்துபோய் கிட்டாரை எடுத்து வந்தாள். அழுதாளா என்று தெருவில் யாருக்கும் தெரியாது. முதுகைக் காட்டிக்கொண்டுதான் ஒயரைச் செருகினாள். சுவிட்சைப் பிரிட்ஜுப் பக்கம் தள்ளிவிட்டு வாசிக்கத் தொடங்கினாள். தண்டலின் ஜன்னல் மெல்ல விலகியது. பலகை ஒரு முனையில் நழுவியபோது தண்டலே அதைப் பிடித்துத் தன் கட்டிலுக்கு இழுத்துக்கொண்டார். அன்றைக்கும் அதற்கடுத்த எட்டு நாளும் அவள் வாசித்தாள்; பின்பக்கத்துக் கத்தரிச் செடிகளை வீடுகள் வந்து தொடுவதற்குள் பெண்கள் பறித்துத் தொட்டிகளில் வைத்தார்கள், கோழிக்கூடு கூரைக்கு ஏறியது, லைன்மேன் வந்து கம்பியை அவிழ்த்துவிட்டார். தெரு மறுபடி தெருவாக, நேராக, இருபத்திரண்டு அடியாகக் கிடந்தது. முதல் நாள் எல்லாரும் அதில் எப்படி நடப்பதென்று தெரியாத மாதிரி நடந்தார்கள்.

திருவிழா முடிந்ததும் சுவிட்சை மறுபக்கம் தள்ளிக்கொள்ளலாம் என்று ரத்தினசாமியே சொல்லியிருந்தார். மழைக்காலத்தில் ஒடுக்கமாக, திருவிழாவிலும் கல்யாண மாதங்களிலும் அகலமாக வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு தாளில் எழுதியும் வைத்திருந்தார்கள். மெட்டில்டா அதை வாசித்துவிட்டு மடித்து வைத்தாள்.

திருவிழாவன்று சாயங்காலம் மேடை தெருமுனையில் போட்டிருந்தது. மெட்டில்டா சுவிட்சை நடுவில் நிறுத்தியிருந்தாள். இரண்டு பிக்கப்புகளும் சேர்ந்து பாடின, ஒன்றின் இரைச்சலை மற்றொன்று விழுங்கியது, வீடுகள் எந்தப் பக்கமும் போகவில்லை. சப்பரம் தெருவுக்குள் திரும்பியபோது அவள் வாசித்துக்கொண்டே பார்த்தாள். தண்டலின் வீட்டு வாசலில் ஆள் கூட்டமாக இருந்தது. அவள் மேடை விளிம்புக்கு நகர்ந்து எட்டிப் பார்த்தாள்.

அருளப்பன் அவருக்குக் காலையிலேயே சவரம் செய்துவிட்டிருக்கிறான். ஜெபநேசன் விக்டோரியாவைத் தூக்கிய அதே மரநாற்காலியில் இரண்டு மூங்கில்களைக் கட்டி, எந்தப் பக்கம் வலிக்கும் என்று பார்த்து மெத்தை வைத்திருக்கிறான். யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை. சப்பரம் வரப்போகிறது, தண்டலை வெளியே கொண்டுவர வேண்டும் என்று நாலு வீட்டிலிருந்து ஒரே நேரத்தில் வந்து நின்றிருக்கிறார்கள். நாலு வருடமாக அவர் ஜன்னலுக்குள்ளேயே இருந்தது இதே தெருவில்தான், இதே ஆட்களுக்கு மத்தியில்தான். அப்போது ஒருவருக்கும் தோன்றவில்லை.

வெள்ளைச் சட்டையில், நாற்காலியில் நிமிர்ந்து, தண்டல் கஸ்பார் தெருவுக்கு வந்தார். சப்பரம் அவருக்கு முன்னால் நின்றது. அவர் சிலுவை போட்டுக்கொண்டார். சப்பரம் நகர்ந்தபோது நாற்காலியும் கூடவே நகர்ந்தது. மேடையைத் தாண்டும்போது அவர் மெட்டில்டாவைப் பார்த்துக் கையைத் தூக்கினார், பிறகு தூக்குகிறவர்களிடம் ஏதோ சொன்னார். சப்பரம் கெபிக்குத் திரும்புகிற இடத்தில் நாற்காலி மட்டும் திரும்பாமல் நேராகக் கடல் பக்கம் போனது.

அவள் பாட்டை முடித்துவிட்டு ஒயரைக் கழற்றினாள். கிட்டாரை ரூபர்ட்டிடம் கொடுத்தாள். "அடுத்த பாட்டுக்கு?" என்று அவன் கேட்டதற்கு, "கீபோர்டை வச்சு ஓட்டு, வாரேன்" என்றாள்.

கடற்கரையில் ஈர மணலுக்குச் சற்று முன்னால் நாற்காலியை இறக்கியிருந்தார்கள். தூக்கி வந்த நாலு பேரும் தள்ளிப் போய் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. தண்டல் முகத்தைக் காற்றுக்குக் கொடுத்து, கண்ணை மூடியிருந்தார். மெட்டில்டா செருப்பைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள்.

"கச்சான் காத்து இன்னும் இருபது நாள் அடிக்கும்" என்றார், கண்ணைத் திறக்காமல். "பெறகு தோணி இறக்கலாம்."

"நாளைக்கும் வருவோமா?" என்று அவள் கேட்டாள்.

"நடை எம்புட்டு இருக்கும்?"

"உங்க வாசல்ல இருந்து நானூறு அடி இருக்கும்."

"பரவாயில்ல" என்றார் தண்டல்.